சிவசாமிக்கு ஒரு துண்டு

பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அதன் சமையலறைக்கு அன்று ஒரு பன்றித்தொடை வந்து சேர்ந்தது. இத்தாலியிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஐஸ் பெட்டியில் மலையேறிய தொடை. பெயர் புரொஷூட்டோ. உப்புத் தடவி இரண்டு வருடம் காற்றில் தொங்கவிட்டதாம்; அடுப்பையே காணாததாம். விலையைக் கேட்டபோது சமையலறையில் வேலை செய்யும் வினோதாவுக்கு நம்ப முடியவில்லை.

தலைமைச் சமையல்காரர் சப்ராஸ் மேசையை விட்டுத் தள்ளியே நின்றார்.

"அக்கா, எனக்கு இது ஹராம், தொடவும் ஏலாது. நீங்கதான் வெட்டணும். ஒரு துண்டு தின்னு பாத்துச் சொல்லுங்க, பழுதாகிச்சான்னு. இங்க தங்கியிருக்கிற இத்தாலிக்காரங்களுக்குப் பகல் சாப்பாட்டுக்கு வைக்கணும்."

வினோதா தயங்கினாள். பன்றி இறைச்சியை அவள் தொட்டு மூன்று வருடமாகிறது. பன்றிக்குக் கண்ணி வைக்க மேல்காட்டுக்குப் போன அவள் கணவன் சிவசாமி திரும்பி வரவேயில்லை. பொலிஸ் தேடியது, லயத்து வரிசைவீட்டு ஆட்கள் எல்லோரும் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. மாமியார் காளியாயிக்கு மட்டும் அன்றிலிருந்து ஒரே பேச்சு: "எம்புள்ள கொழும்புல இருக்கான். வருவான்." அதனால் வினோதா பொட்டை அழிக்கவில்லை. காரியமும் நடக்கவில்லை.

மெல்லிசாக ஒரு துண்டு சீவினாள். நல்ல சிவப்பு, ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு. பச்சை இறைச்சியை எப்படித் தின்பது என்று கூசியது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். கொழுப்பு தானாகவே கரைந்தது. முதலில் உப்பு, அதன் பின்னால் லேசான தித்திப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு வாசம் தங்கியது. ஈரச் சருகும் இரத்தமும் கலந்த வாசம். காட்டிலிருந்து வரும் நாட்களில் சிவசாமியின் சட்டையில் இருக்கும் வாசம்.

"உப்பு பத்துமா புள்ள?"

காதோரமாய்க் கேட்டது. சட்டென்று திரும்பினாள். குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"கூப்பிட்டீங்களா சார்?"

"இல்லையே. எப்பிடி ஈக்கி?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். சப்ராஸ் அவள் முகத்தைப் பார்த்தார். வேலை முடிந்து அவள் கிளம்பும்போது, ஓரத் துண்டுகளைச் சுற்றி எடுத்துப்போகச் சொன்னார்.

பொழுது சாயும் நேரம். தேயிலைக்கு நடுவே போகும் பாதையை மூடுபனி அடைத்திருந்தது. வினோதாவுக்குப் பின்னால் காலடி கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. ஏனோ பயம் வரவில்லை.

"எங்கங்க கெடக்கீங்க?" என்று திரும்பாமலே கேட்டாள். "சொன்னா வந்து தூக்கிட்டுப் போவோமே."

காட்டுப்பாதை பிரியும் இடம்வரை காலடி கூடவே வந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. இவ்வளவு காலமும் தனக்குள் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் அங்கே நின்று வாய்விட்டுச் சொன்னாள்: "நீங்க செத்துப்போயிட்டீங்க."

மறுநாள் விடிந்ததும் அதே இடத்துக்குப் போய், இலை போட்டு, சோறும் அந்த இறைச்சியும் வைத்தாள். சூடத்தைக் கொளுத்தும்போது பின்னால் காளியாயியின் குரல் கேட்டது.

"அடியே, என்னடி பண்ற? உசுரோட இருக்கவனுக்கு யாராச்சும் படைப்பாங்களா?"

"நேத்து எங்கூட நடந்து வந்தாரு மாமி. இந்த எடத்துக்கு மேல வரல."

கிழவி அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. காட்டுப் பக்கம் திரும்பினாள். "எனக்கும் அவங் காலடி கேக்குதுடி," என்றாள். "லயத்துக்குப் பின்னால தெனமும் கேக்குது. சொன்னா நெசமாயிருமேன்னு சொல்லல."

இலைக்கு முன்னால் குந்தி, மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மரங்களைப் பார்த்து, ஆங்காரமாய்க் கூப்பிட்டாள்:

"சாமீ! வந்து சாப்புட்டுப் போடா!"

காகம் ஒன்றும் வரவில்லை. மூடுபனி மட்டும் காட்டுக்குள்ளிருந்து இறங்கி வந்து, இலையை மூடி, இரண்டு பெண்களின் காலையும் நனைத்தது. வினோதா மாமியாரின் தோளைப் பிடித்து எழுப்பினாள். அந்த மாதமே ஐயரை அழைத்து, உடல் இல்லாமலே காரியத்தைச் செய்து முடித்தார்கள்.