வாரப் பத்திரிகையில் வந்த சாவு

நூற்றுப் பதினாலு ரூபாய் அறுபது பைசா. என் அக்கா திரௌபதிக்கு அப்பாசாமி சார் வைத்திருந்த சாப்பாட்டுப் பாக்கி அது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் அக்கா சோறு ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். சார் பின்னாடி ரூமில் வாடகைக்கு இருந்தார். பட்டணத்துப் பேப்பரில் நிருபராக இருந்தவர். அதை விட்டுவிட்டு யுத்தக் கதை எழுத வந்திருந்தார்.

சோறு போடும்போது அக்கா தன் புருஷனைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். மாமா அர்ஜுனன் கல்யாணமான மறுவருஷமே மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். நாற்பத்துமூன்று யுத்தத்தில், சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான் என்பதோடு சேதி நின்றுபோனது. அக்கா தாலியைக் கழற்றவில்லை. தீபத்துக்கு வருகிற கூட்டத்தில் வருஷா வருஷம் முகம் தேடுவாள்.

எழுபத்தொன்பதில் சாரோட கதை வாரப் பத்திரிகையில் வர ஆரம்பித்தது. நான் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு, முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தேன். அக்கா படிக்கச் சொன்னாள். எழுத்து எழுத்தாய்த் தொட்டுப் படித்தேன். திருவண்ணாமலைக்காரன் அர்ஜுனன் காய்ச்சல் கண்டு, மழையில் ஒழுகுகிற கொட்டாயில் செத்துப்போனான் என்று இருந்தது. முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்றே எனக்குப் புரிந்தது.

அக்கா அழவில்லை. கருமாதிக்கு நாள் பார்க்கச் சொன்னாள். இது கதைதானே என்றேன். பேப்பர்காரர் விசாரிக்காமலா எழுதுவார் என்று திருப்பிக் கேட்டாள்.

எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு கடை மூட்டையை இன்னொரு கடையில் இறக்கி மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். மாமா நாளைக்கே வாசலில் வந்து நின்றால்? சாயங்காலம் சாரை டீக்கடையில் பிடித்துக் கையோடு அழைத்துவந்தேன். பாக்கி கேட்கத்தான் என்று நினைத்து, பத்திரிகைக்காரன் பணம் அனுப்பட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் நடையை எட்டிப் போட்டார்.

பேரையும் ஊரையும் மட்டும்தான் எடுத்துக்கொண்டேன், சாவு நானாக எழுதியது என்று அக்காவிடம் சொன்னார்.

"அந்தக் காய்ச்சலு, கொட்டாயி?"

"அது, தப்பிச்சு வந்தவங்களைக் கேட்டு எழுதினதும்மா."

"எங்க வூட்டுக்காரு மாதிரி போனவங்க இன்னும் வருவாங்கன்னு அவங்க யாருனா சொன்னாங்களா?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்று சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் நிமிரவில்லை.

அக்கா முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். நான் கையைப் பிடித்தேன்.

"வுடுடா. தேடித் தேடிக் கண்ணு போச்சு."

சார் பையில் கைவிட்டு மடித்த நோட்டுகளை எடுத்து நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"சாவு சேதி கொண்டாந்தவங்களைக் கூலி குடுக்காம அனுப்பறதில்ல. எனக்கு வந்து சொன்னது நீங்க ஒருத்தருதான் சார். பாக்கி அதுல தீந்துபோச்சு. இன்னிக்கி அடுப்பு மூட்ட மாட்டேன், வேற எங்கனா சாப்புட்டுக்குங்க."