துண்டுக்கு அடியில்

“பாத்துக்கிட்டீகளா அசரத்து? தலையாட்டிட்டாரு!”

அப்துல் ஜப்பார் துள்ளி எழுந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த அவருடைய அண்ணன் முகமது பாரூக்கின் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மகள் நசீம் பானுவைத் தம்பி மகன் சௌகத் அலிக்குக் கொடுக்கச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

திரைக்குப் பின்னால் நின்ற நசீம், தாய் ஜெய்தூன் பீவியின் முழங்கையைப் பிடித்தாள்.

“அம்மா, அத்தா வத்தலக்குண்டுல வாக்குக் குடுத்துட்டு வந்தது என்னாச்சு?”

“செத்த நேரம் வாயை மூடுடி.”

போன நோன்புக்கு முன்னால், அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய பேகம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோரம் பாரூக் சரிந்து விழுந்தார். அதற்கு முந்தின வாரம்தான் வத்தலக்குண்டு அரிசி மண்டிக்காரர் மகன் முனீருக்குப் பெண் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ‘உப்பு’ என்ற ஒரே சொல் மிஞ்சியது. பசித்தாலும் உப்பு, கோபம் வந்தாலும் உப்பு.

டாக்டர் இருதயநாதன் அப்போதே சொல்லியிருந்தார். “மூளையில ஒரு பக்கம் ரத்தம் போகாம கொஞ்ச இடம் பட்டுப்போச்சும்மா. பட்டது துளிர்க்காது. ஆனா பக்கத்துல இருக்கிற இடம் அந்த வேலையை மெல்ல மெல்லக் கத்துக்கும். அறிவு உள்ளதான் இருக்கு, வெளிய வர வழிதான் அடைச்சுக் கிடக்கு. ஆமாம், இல்லைன்னு தலையாட்டுறதுகூட மாறிப்போகும். ஏதாவது பழைய பழக்கம் வழியா வரும், பாத்துக்கிட்டே இருங்க.”

வத்தலக்குண்டுக்காரர்கள் இன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பார்களாம். அதனால்தான் பள்ளிவாசல் அசரத்தும் ஜமாத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். பெண்ணின் சம்மதம் கேட்பது அப்புறம். பாரூக்குக்கு அறிவு இருந்தால் அவர் பேச்சு செல்லும், இல்லாவிட்டால் தம்பி பேச்சு.

ஜெய்தூன் திரைக்குப் பின்னாலிருந்தே குரல் கொடுத்தாள்.

“அசரத்து, அவுககிட்ட, நீங்க பொம்பளையான்னு கேளுங்க.”

“என்னம்மா இது?”

“கேளுங்களேன்.”

அசரத்து தயங்கிக் கேட்டார். பாரூக் பலமாகத் தலையாட்டினார். கூட்டம் சிரித்துவிட்டது.

“ஏலே, பாரூக்குக்கு ஒரு சேலை எடுங்கப்பா!” என்றது ஒரு குரல்.

ஜப்பார் சிரிக்கவில்லை. “மதினியே காட்டிக் குடுத்துட்டாங்க. அண்ணனுக்குப் புத்தி இல்ல. அப்ப நான்தானே பொறுப்பு? சௌகத்துக்குன்னு எழுதுங்க அசரத்து.”

ஜெய்தூனுக்கோ, தலையாட்டலை நம்பாதீர்கள் என்று காட்டப் போய், புருஷனையே கைகழுவிவிட்டது போலாயிற்று. அசரத்து பேனாவைத் திறப்பது திரையிடுக்கில் தெரிந்தது.

“நில்லுங்க!” முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கையில் ஒரு துண்டு. “தம்பி, தோல் மண்டியில நீங்களும் அவுகளும் எப்படி விலை பேசுவீக?”

“துண்டைப் போட்டு, அடியில கைவிட்டு விரலைப் புடிச்சு. அது இப்ப எதுக்கு?”

“கையை உருவிக்கிட்டா?”

“படியலைன்னு அர்த்தம்.”

“முழுக்கையையும் சேத்துப் புடிச்சா?”

“முடிஞ்சுதுன்னு அர்த்தம். மதினி, தோலா விக்கிறோம்?”

“போன மாசம் அவுக இடது கை மேல துண்டு கிடந்துச்சு. கஞ்சி வேணுமான்னு கேட்டுக்கிட்டே அடியில கையைத் தொடைச்சேன். கையை உருவிக்கிட்டாக. தேத்தண்ணியான்னேன். புடிச்ச புடி விடல. துண்டை எடுத்துட்டுக் கேட்டா ரெண்டுக்கும் தலையாட்டுறாக. நீங்க கை போட்டுக் கேளுங்க தம்பி.”

“வலது கைதான் செத்துக் கிடக்கே. இடது கையால நிக்காஹ் பேசவா?”

அசரத்து பேனாவை மூடினார். “வாய் பேச முடியாதவனுக்குச் சைகை போதும் ஜப்பாரு. அல்லா மிச்சம் வச்ச கைதானே பேசும்? போடு.”

ஜெய்தூன் திரைக்குள் திரும்பினாள். நசீம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏம்மா சின்னத்தாகிட்ட குடுத்த? அடியில நடக்கிறது அவுக ரெண்டு பேருக்குத்தானே தெரியும்? மாத்திச் சொல்லிட்டா?”

“வேற யாரு கை போட்டாலும் உங்க சின்னத்தா பொய்யிம்பாரு.”

“அவரே மாத்திச் சொல்லிட்டாருன்னா?”

ஜெய்தூன் திரையை விலக்கிப் பார்த்தாள்.

துண்டு விரிந்தது. ஜப்பார் கைவிட்டார்.

“அண்ணே, நசீமை நம்ம சௌகத்துக்குக் குடுப்பமா?”

பாரூக்கின் தலை ஆமாம் என்று ஆடியது. துண்டு லேசாக அசைந்தது, அவ்வளவுதான்.

“சம்மதம் போலத்தான் இருக்கு” என்றார் ஒருவர்.

ஜப்பார் மறுபடி குனிந்தார். “அண்ணே, ஷாப்பு நம்ம கையை விட்டுப் போயிரக்கூடாதுன்னுதான் கேக்குறேன். சௌகத்துக்கு?”

தலை இன்னும் பலமாக ஆடியது. துண்டு மறுபடி அசைந்தது.

“என்னப்பா சொல்றாரு?” அசரத்து கேட்டார்.

“இருங்க.” ஜப்பாரின் குரல் இறங்கிவிட்டது. “அண்ணே, வத்தலக்குண்டு... முனீருக்கா?”

பாரூக்கின் தலை இல்லை இல்லை என்று இருபுறமும் ஆடியது. “உப்பு, உப்பு” என்றார். துண்டுக்கடியில் ஏதோ இறுகியது. ஜப்பாரின் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது.

“பாருங்க, இல்லைங்கிறாரே” என்றது கூட்டம்.

ஜப்பார் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நசீம் திரையைப் பல்லால் கடித்தாள்.

“தலையைப் பாக்காதீக” என்றார் ஜப்பார். “வத்தலக்குண்டுக்குத்தான். முடிச்சுட்டாரு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. உன் மவன் காரியம்.”

“ரெண்டு தடவை உருவிக்கிட்டாரு அசரத்து. துண்டுக்கடியில முடிஞ்சதை மாத்திச் சொன்னா நாளைக்கு மண்டியில எவன் எனக்குக் கை குடுப்பான்? ஆளை அனுப்புங்க, பஸ்ஸு போயிரும்.”

ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். கூட்டம் கலையத் தொடங்கியும் ஜப்பார் குனிந்தபடியே இருந்தார்.

“மதினி, இங்க வாங்க.”

“என்ன தம்பி?”

“கையை விடச் சொல்லுங்க. விரலு ஒடியுது.”