கால் கழுவி விடுகிறவள்

விளையாடிக்கொண்டிருந்த அன்பு திடீரென்று நின்றான். இரண்டரை வயதுப் பையன். கையிலிருந்த பிளாஸ்டிக் யானையைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைச் சுருக்கி, சுவரையே பார்த்தபடி நின்றான். பழனியம்மாளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். மேச்சேரிப் பக்கத்து இந்த அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருஷமாக ஆயாவாக இருக்கிறாள். பிள்ளைகள் வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன சேதி என்று சொல்லிவிடுவாள். சேதி தெரிந்து என்ன? ஸ்டூலை விட்டு எழுந்து, அவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போய், குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கழுவிவிட வேண்டும். அதுதான் இப்போது ஆகாத காரியம்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். சரிதா டீச்சர் பிள்ளைகள் சாப்பிட்ட போட்டோவை ஆபீசுக்கு அனுப்புவதற்காக, ஜன்னல் கம்பிக்கு வெளியே போனை நீட்டி டவர் தேடிக்கொண்டிருந்தார். அதில் இறங்கிவிட்டால் அவருக்கு உலகமே கிடையாது.

"வெண்ணிலா," மெதுவாகக் கூப்பிட்டாள். "எஞ் சாமி, தம்பியக் கூட்டிக்கிட்டுப் பொறத்தால போ. நா வாரேன்."

வெண்ணிலாவுக்குப் போன மாதம்தான் நாலு வயது முடிந்தது. ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அடுக்கிக்கொண்டிருந்த கட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, அன்புவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். குழாயடியில் அவனைத் திருப்பி நிறுத்தி, தானும் குந்தி உட்கார்ந்து, வலது கையால் சொம்புத் தண்ணீரைச் சாய்த்து, இடது கையால் கழுவினாள். பழனியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "இன்னுங் கொஞ்சம் ஊத்து சாமி... ம், அவ்வளவுதான். கைக்குச் சோப்புப் போடு," என்றாள்.

வேலை முடிந்ததும் வெண்ணிலா வலது முட்டியில் கையை ஊன்றி, "முருகா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். முதல்முறை அதைப் பார்த்தபோது பழனியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அது தான் எழுந்திருக்கிற விதம் என்று உறைத்ததும் சிரிப்பு நின்றுபோனது.

பொங்கல் கழிந்த கையோடு வந்த வலி இது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, தேய்மானம் என்றார் டாக்டர். கீழே உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. ஆயா வேலையில் இந்த மூன்றையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்; அங்கன்வாடியில் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து ஊர் ஆயா மாரக்காள் இதே முட்டி வலியைப் பற்றி ஆபீஸ் கூட்டத்தில் வாயைத் திறக்கப் போய், "முடியலேன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று நாற்பது பேர் முன்னால் அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவளுக்கு மறக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. வீட்டுக்காரர் ஆண்டி, போர் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்குப் போய் முதுகை உடைத்துக்கொண்டு வந்தவர். இவள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும்.

அது மட்டும் காரணம் என்றால் சரிதா டீச்சரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். நல்ல பெண், காட்டிக்கொடுக்க மாட்டார். ஆனால் இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தவள் என்று ஊருக்குள் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை விட மனசு வரவில்லை. தைலம் தேய்த்தால் வாசம் காட்டிக்கொடுக்கும் என்று, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் தேய்ப்பாள். யாராவது வந்தால் வேலை இருக்கிறதோ இல்லையோ, அடுப்பு முன்னால் நின்று கரண்டியால் கிண்டிக்கொண்டிருப்பாள்.

முதலில் தண்ணீர் ஊற்றத்தான் வெண்ணிலாவைக் கூப்பிட்டாள். கழுவியது இவள்தான். பிறகு ஒரு நாள் குனியவே முடியாமல், "இன்னைக்கு ஒரு நா நீயே கழுவி உடு சாமி" என்றாள். அந்த ஒரு நாள் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கழுவி முடித்தால் சத்துமாவு உருண்டை ஒன்று கூட. "குட்டி ஆயா" என்று பட்டம் வேறு. அந்தக் காலத்தில் மூத்த பிள்ளைகள்தானே தம்பி தங்கையை வளர்த்தார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அந்தப் பிள்ளைகளுக்கு மேலே யாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நிற்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வெண்ணிலாவைக் கூட்டிப்போக அவள் அம்மா மலர்விழி வந்தாள். தறியில் வேலை. தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது.

"ஏனுங்க ஆயா, எம் புள்ளைய என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

பழனியம்மாள் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். மூன்று மாதமாக எதிர்பார்த்த கேள்வி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். மலர்விழி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எங்க நாத்தனா கொழந்த ஊட்டுக்குள்ளயே வெளிக்கி இருந்துருச்சுங்க. நா மாவுக் கையோட ஓடியாரதுக்குள்ள இவளே கூட்டிட்டுப் போயி, கழுவி உட்டு, கைக்குச் சோப்புப் போட்டுட்டு வந்து நிக்கறா. எங்கடி பழகுனேன்னா, ஆயா சொல்லிக் குடுத்தாங்கங்கறா. எங்க மாமியா அசந்து போயிட்டாங்க."

பழனியம்மாள் வெண்ணிலாவைப் பார்த்தாள். குழந்தை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்ற பெருமையில் நின்றது.

"அதைய உடுங்க. சோத்துல கை வெக்கறதுக்கு முன்னால கைய மோந்து மோந்து பாக்கறாங்க. ஒருக்காக் கழுவுனாப் பத்தாது, மறுக்கா ஓடிப் போயிக் கழுவிட்டு வந்து மோந்து பாக்கறா. நேத்து சோறே ஆறிப்போச்சு. எனக்கே அத்தன சுத்தம் வராதுங்க!"

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். அது சுத்தம் இல்லை சாமி, நான் பண்ணின பாவம் என்று ஒரு வார்த்தை.

"முருகாங்கறதுதான் ஒண்ணும் புரியலீங்க," மலர்விழி நிறுத்தவில்லை. "எந்திரிக்கறப்ப முட்டியப் புடிச்சுக்கறா. காலு வலிக்குதோன்னு பயந்துட்டேன். கேட்டா, கழுவிட்டு அப்படித்தான் எந்திரிக்கோணுமாமா!" சிரித்தபடியே ஒரு பையை நீட்டினாள். "எங்க காட்டுக் கல்லக்காயிங்க. வேக வெச்சுக் கொண்டாந்தேன். உங்களுக்குத்தான்."

பழனியம்மாள் பையை வாங்கிக்கொண்டாள். "வெவரமான புள்ள," என்றாள். அவ்வளவுதான் வந்தது. பை இன்னும் சூடாக இருந்தது.

வீட்டில் ஆண்டி வேர்க்கடலையை ஒன்றொன்றாக உரித்து, பை காலியாகும் வரை தின்றார். "நல்ல பருப்பு. ஆரு குடுத்தது?"

"ஒரு புள்ளயோட அம்மா."

அவள் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. தோலைக் கூட்டி அள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, தன் விரல்களை மூக்கருகே வைத்திருப்பதைத் தானே கவனித்தாள். வெட்கமாக இருந்தது. தூக்கு மாட்டிக்கொள்கிற வெட்கம் இல்லை. நாளைக்கும் அதே பிள்ளையின் முகத்தில் விழிக்க வேண்டிய வெட்கம்.

மறுநாள் சாப்பாடு முடிந்த சற்று நேரத்தில் அன்பு மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. வெண்ணிலா தானாகவே எழுந்து அவன் கையைப் பிடித்தாள்.

"நீ இரு சாமி," என்றாள் பழனியம்மாள்.

அன்புவைத் தூக்காமல் நடத்தியே கூட்டிப்போனாள். குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதி தூரத்தில் முட்டிக்குள் என்னவோ பிசகி, உயிர் போய் உயிர் வந்தது. மீதி தூரத்தை விழுந்த மாதிரிதான் கடந்தாள். ஆனால் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதம் கழித்துத் தன் கையால் ஒரு பிள்ளைக்குக் கழுவிவிட்டாள். நிதானமாக, தொடை இடுக்கெல்லாம் பார்த்து, இரண்டு சொம்பு கூடவே ஊற்றினாள். அன்பு ஈரத்தோடு, டவுசர் இல்லாமல், கூடத்துக்குள் ஓடினான்.

எழுந்திருக்க முடியவில்லை.

குழாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பாசி பிடித்த தரை வழுக்கியது. சேலை முழுக்க ஈரம். இன்னொரு முறை முயன்றபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. அது வலியால் மட்டும் வந்ததில்லை.

வாசல்படியில் வெண்ணிலா நின்றிருந்தாள். எத்தனை நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. கிட்டே வந்து, கையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, பழனியம்மாளை நோக்கி நீட்டினாள்.

"முருகான்னு சொல்லுங்க ஆயா. எந்திரிச்சுக்கலாம்."

அந்தக் கைக்குள் பழனியம்மாளின் ஒரு விரல்தான் அடங்கும். அவள் கூடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"சரிதா டீச்சர்! கொஞ்சம் இங்க வாங்க. என்னால எந்திரிக்க முடியலீங்க. ரொம்ப நாளாவே முடியலீங்க."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. வெண்ணிலா கையை இன்னும் மடக்கவில்லை. பழனியம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். சோப்பும், மதியம் தின்ற முட்டையும் மணத்தன.

"ஒண்ணுமே இல்ல சாமி. நல்லாருக்குது."

வெண்ணிலா நம்பவில்லை. கையைத் திரும்ப வாங்கி, தானும் ஒருமுறை மோந்து பார்த்தாள்.