மற்றவை அச்சானபடியே சரி

"அந்த உறையை முதல்ல என்கிட்ட குடும்மா" என்று அண்ணன் மூன்றாவது தடவையாகக் கையை நீட்டினார்.

செய்தி வாசிக்கும் பெண் உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "மன்னிக்கணும் சார். பத்து மணிச் செய்தியில, இங்கேருந்தே நேரலையா, நான்தான் பிரிச்சுப் படிக்கணும்னு உங்க தம்பி சத்தியம் வாங்கியிருக்காரு."

கூடத்தில் தம்பி வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். ஒரு பத்திரிகையும் மூன்று உள்ளூர்த் தொலைக்காட்சிகளும் நடத்தும் நிறுவனத்தில், முப்பத்தொரு வருடம் திருத்தப் பகுதி எழுதியவர். பிழை எதுவானாலும், அது வந்த அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தம் வர வேண்டும் என்பது அவர் விதி. முதலாளி வீட்டுக் கல்யாணச் செய்தியைக்கூட விட்டதில்லை.

விட்டது ஒன்றே ஒன்று. அது அண்ணனின் தலைக்கு மேலே கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதே பத்திரிகையில் நாற்பத்தாறு வருடத்துக்கு முன் வந்த செய்தி: நீச்சலில் முதலிடம், அண்ணனின் பெயர், அண்ணனின் படம். முதலில் வந்தது தம்பி. போட்டிக்கு வராத அப்பா அந்தத் தாளைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தபோது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதைக் காட்டித்தான் வீட்டில் எல்லாரையும் அண்ணன் நிமிர்ந்து உட்கார வைத்திருந்தார்; அதன் கீழே தானும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"திருத்தங்கள்" என்று அவள் படித்தாள். "ஒன்று: கல்யாணமான மறுநாள், காபி பிரமாதம் என்று மனைவியிடம் சொன்னது தவறு. அடுத்த வருடம்தான் பிரமாதமானது."

"செடிக்கு ஊத்தினப்பவே பார்த்துட்டேன்" என்றாள் தம்பி மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இரண்டு: பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்தது பூனை அல்ல."

"அடப்பாவி. பன்னிரண்டு வருஷமா அந்தப் பூனையோட நான் முகம் குடுத்துப் பேசலையே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கூடமே குலுங்கியது. கேமராக்காரர் தோள் ஆடியதில் படமும் ஆடியது.

"மூன்று: மேலாளரின் ஓய்வு விழாவில் அவர் போவது பேரிழப்பு என்று பேசினேன். வருந்துகிறேன்."

"அன்னிக்கே எனக்குச் சந்தேகம்தான்யா" என்றார் வாசலில் நின்ற மேலாளர்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நாலாவதாக அந்த நீச்சல் வரும் என்று அவள் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது இல்லை.

"மற்றவை யாவும் அச்சானபடியே சரி."

விளக்கு அணைந்தது. அண்ணன் எழுந்து, கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, சட்டை நுனியால் தூசி துடைத்து, அவளிடம் கொடுத்தார்.

"இதை நாளைக்கு உங்க பேப்பர்ல திருத்திப் போடச் சொல்லுங்க. முதல்ல வந்தது அவன்."

"இப்ப எதுக்கு அத்தான்? அவரே விட்டுட்டாரே" என்றாள் தம்பி மனைவி.

"அவன் வேலையில ஒரு பிழை நின்னுபோச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது."

"ஓரமா, சின்னதாப் போட்டா போதுமா சார்?" என்றாள் செய்தி வாசிப்பவள்.

"அதே பக்கம். அதே அளவு."

அவள் விரலை விரித்து அளந்தாள். ஒரு சாண், நாலு விரல்.

சுவரில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதன் கீழே நாற்காலியைப் போட்டு, முதல் தடவையாக அண்ணன் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் காபி கொஞ்சம் குடும்மா" என்றார் தம்பி மனைவியிடம்.