முடிப் பலகை

சமையல்கூடத்து வாசலில், கை கழுவும் தொட்டிக்கு மேலே, அந்தப் பலகை மாட்டியிருந்தது. அதில் முடிகளை ஒட்டி வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு முடிக்கும் மேலே ஒரு துண்டு டேப். கீழே அது எதில் கிடந்தது என்று எழுதியிருக்கும். சோறு. சோறு. அவித்த முட்டை. பீன்ஸ். மறுபடி சோறு. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்தபடிதான் கை கழுவ வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

மூடிக்காரி குனிந்தபடியே கழுவுவாள். பார்க்காவிட்டாலும் தெரியும். எல்லாம் குட்டை முடி. வளைந்த முடி. ஒரு நுனி தடித்திருக்கும்.

"இது தலையில முளைச்சதே இல்லடி" என்றாள் கரண்டி அக்கா, முதல் முடி ஏறிய அன்று. காய்கறி அள்ளி வைப்பது அவள் வேலை. "எங்க முளைச்சதுன்னு நான் சொன்னா நீங்க யாரும் மத்தியானம் சாப்பிட மாட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அங்கே ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குச் சாப்பாடு தயாராகிறது. பெல்ட் மேல் தட்டுகள் நகர்ந்து வரும். ஒருத்தி சோறு வைப்பாள், ஒருத்தி காய், ஒருத்தி முட்டை. கடைசிக்கு முன்னால் மேற்பார்வை மேடம் நிற்பாள். கனத்த கண்ணாடியோடு ஒவ்வொரு தட்டின் மேலும் குனிந்து பார்ப்பாள். அதனால் அவளுக்குக் 'கண்ணாடி' என்று பேர். அவள் பார்த்து அனுப்பியதை, மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து, சூடான பிடியை அழுத்தி மூடுகிறவள்தான் மூடிக்காரி.

முதலாளிக்குத் 'தூறல்' என்று பேர். அவர் கத்தும்போது எதிரில் நிற்பவர் முகம் நனையும். முகமூடியைத் தாடைக்குக் கீழே தொங்க விட்டிருப்பார். தலையில் தொப்பி கிடையாது. தொப்பியெல்லாம் வேலைக்காரர்களுக்கு.

"தூறல் வருதுடி."

"குடை எடுத்துக்கோ."

ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நோயாளி சோற்றிலிருந்து முடியை எடுத்துக் காட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முதலாளி பலகையை மாட்டினார். யாருடைய முடி என்று தெரிந்ததும் அவளை அன்றைக்கே வெளியே தள்ளுவேன், இந்த ஊரில் வேறெந்தச் சமையல்கூடத்திலும் கரண்டி பிடிக்க விடமாட்டேன் என்றார். சொல்லும்போது எச்சில் முன்வரிசை வரைக்கும் பறந்தது. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் அவருக்குக் கோபம் வரும்.

பலகை வந்த பிறகு ஆளுக்கொரு சீக்கு வந்தது. கரண்டி அக்காவுக்குப் புளித்த ஏப்பம். முகமூடிக்குள் விட்ட ஏப்பத்தை அவளே திரும்ப மோந்து முகம் சுளிப்பாள். ரொட்டி வைக்கிறவளுக்கு மாதவிலக்கு நின்றது. அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தான். சோதித்துப் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவுகிறவர் விரலிடுக்கைச் சொறிந்து சொறிந்து தோலை உரித்துக்கொண்டார். முதலாளியின் கார் சத்தம் கேட்டதும் இரண்டு பேராவது கழிப்பறைக்கு ஓடுவார்கள். கதவு சரியாகச் சாத்தாது. சத்தமும் நாற்றமும் வரிசைக்கு வரும். சோப்புதான் சேரவில்லை என்றார் ஒருவர். தண்ணீர் என்றாள் ஒருத்தி. பலகையை யாரும் சொல்லவில்லை.

மூடிக்காரிக்குத் தலையில் வந்தது.

கரண்டி அக்காதான் முதலில் பார்த்தாள். தலை வாரிவிடும்போது சீப்பை நிறுத்தினாள்.

"என்னடி இது? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

காதுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு, வட்டமாக ஒன்றும் இல்லை. தொட்டால் வழவழவென்று இருந்தது. மூடிக்காரி விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். தன் தலைதான். ஆனாலும் வேறு எதையோ தொட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"அரிப்பு உண்டா?"

"கொஞ்சம்."

"தூக்கம்?"

"படுத்தா பலகைதான் தெரியுது டாக்டர்."

எந்தப் பலகை என்று அவர் கேட்கவில்லை. "இது இப்படித் திடீர்னு வட்டமா விழும். உடம்புக்குள்ள காவல் காக்கற கூட்டம் ஒண்ணு இருக்கு. அது ஆள் மாறி முடி வேரையே அடிக்குது. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாது. ஓயாத பயம், மன அழுத்தம், இதெல்லாம் தூண்டி விடலாம். நிறைய பேருக்குத் தானா திரும்ப வளரும்."

"மருந்து?"

"தடவ எழுதித் தர்றேன். முக்கியமா, கவலைப்படாம இருங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எந்தக் கடையில கிடைக்கும் டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. வட்டத்தின் ஓரத்தை விரலால் காட்டினார். "இங்க பாருங்க. குட்டை குட்டையா உடைஞ்ச முடி. ஒரு நுனி தடிச்சு, ஒரு நுனி மெலிஞ்சு. இந்த நோயோட அடையாளமே இதுதான்."

மூடிக்காரிக்குப் பலகை கண்முன் வந்தது. குட்டை முடி. ஒரு நுனி தடித்தது.

அன்றிலிருந்து இரண்டு தொப்பி போட்டாள். உள்தொப்பியின் விளிம்பை டேப் போட்டு நெற்றியோடு ஒட்டினாள். வியர்வை உள்ளேயே ஊறியது. சாயங்காலம் கழற்றினால் ஊசிப்போன வாடை வந்தது. ஒவ்வொரு தட்டையும் மூடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பலகையில் இன்னும் ஒரு முடி ஏறியது. கஞ்சி.

யாரோ ஒரு நோயாளி அதை நாக்கால் தடவி எடுத்திருப்பார். அந்த நினைப்பு வந்த பிறகு மூடிக்காரியால் வீட்டிலும் சோறு விழுங்க முடியவில்லை.

"பிடிபடறதுக்கு முன்னால நீயே போய்ச் சொல்லிடு" என்றாள் அக்கா. "நோய்னு சொல்லு. மூட்டை தூக்கற பக்கமாவது மாத்தி விடுவாங்க. அந்தக் கண்ணாடியும் பொம்பளைதானே."

மறுநாள் வேலை முடிந்ததும் மூடிக்காரி மேடத்தின் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. மேடம் போனில் இருந்தாள். போன் மேசைமேல் கிடந்தது. முதலாளியின் குரல் அதற்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தது.

"ஒரு முடி யாருதுன்னு கண்டுபிடிக்கத் துப்பில்ல. எதுக்கு உனக்குச் சம்பளம்? நாளைக்குக் காலைல எனக்கு ஆள் வேணும். இல்லைன்னா நீ போ!"

"சரி சார்" என்றாள் மேடம். "சரி சார்."

கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாள். அவள் கை புருவத்துக்குப் போனது. இரண்டு விரல் நகத்தால் ஒரு முடியைப் பிடித்து இழுத்தாள். வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வேரை உதட்டில் வைத்து உருட்டினாள். பிறகு முன்பல்லால் கடித்தாள். மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. எச்சிலோடு ஒட்டிய மிச்சத்தைச் சட்டையில் தட்டிவிட்டாள். கை திரும்பப் போனது.

"சரி சார்."

புருவம் என்று அங்கே இருந்தது பென்சில் கோடு. அதன் அடியில் சிவந்த தோல், அங்கங்கே பொருக்கு. இமை ஓரமும் மொட்டை. மேசையில், சட்டை மடிப்பில், கழற்றி வைத்த கண்ணாடியின் விளிம்பில், குட்டை முடிகள். வளைந்த முடிகள். இந்தச் சட்டையோடும் கண்ணாடியோடும்தான் தினமும் தட்டுகளின் மேல் குனிகிறாள்.

மூடிக்காரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தொண்டை வரை ஏறியதை விழுங்கினாள்.

போன் நின்றது. மேடம் தலையைத் தூக்கினாள். அவசரமாகக் கண்ணாடியை மாட்டினாள்.

"என்ன?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது, நிறுத்த முடியாமல் வந்துவிட்டது. "தலையில முடி கொட்டுது மேடம். நோயாம். டாக்டர் சொன்னாரு." தொப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

மேடம் அந்த வட்டத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் தெளிந்தது. பசித்தவள் முன்னால் தட்டை வைத்த மாதிரி. மூடிக்காரி அதைக் கவனித்தாள். இப்படிப் பார்ப்பதற்கு, மேடம் அந்த முடியையே தின்றிருக்கலாம் என்று தோன்றியது.

"மேடம், இனிமே நான் மூடின பிறகு பாருங்களேன். தாள் வழியா நல்லாத் தெரியும். யார் முடியா இருந்தாலும் உள்ள விழாது."

'யார்' என்ற சொல்லில் மேடத்தின் கண் ஒரு கணம் நின்றது.

"எனக்கு வேலை சொல்லித் தர்றியா? போ. காலையில பேசிக்கலாம்."

காலையில் எல்லோரையும் பலகைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். முதலாளி வந்திருந்தார். மேடம் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். கையுறை இன்னும் மாட்டவில்லை.

"சொல்லு. யாரு?"

மேடம் மூடிக்காரியின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். "இவதான் சார். தொப்பியைக் கழட்டச் சொல்லுங்க."

மூடிக்காரி கழற்றினாள். டேப்பைப் பிய்த்தபோது நெற்றி எரிந்தது. வரிசையில் ஒருத்தி "ஐயோ" என்றாள். ரொட்டி வைக்கிறவள் ஓரடி தள்ளி நின்றாள். நேற்று வரை ஒரே தம்ளரில் காபி குடித்தவள்.

"இந்தச் சொறித் தலையோடதான் என் சாப்பாட்டை மூடினியா?" முதலாளி முகத்துக்கு நேரே வந்தார். முதல் துளி கன்னத்தில் விழுந்தது. அடுத்தது உதட்டில். வெதுவெதுப்பாக இருந்தது. "நோயாளிங்க திங்கறதுடி இது! சுத்தம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? சுத்தம்!"

மூடிக்காரி உதட்டைத் துடைத்தாள். புறங்கையால், நன்றாக அழுத்தி.

"எதுக்குத் துடைக்கறே?" அவர் குரல் உச்சிக்குப் போனது. "நான் பேசிட்டிருக்கேன்!"

அப்போதுதான் அது நடந்தது. அவர் கத்தக் கத்த, பக்கத்தில் நின்ற மேடத்தின் கை தானாக மேலே போனது. கண்ணாடிக்கு மேலாக விரல் நுழைந்தது. பென்சில் கோட்டைத் துழாவியது. இழுத்தது. விரல் உதட்டுக்கு வந்தது. பல் கடித்தது. அவள் கண் எங்கோ இருந்தது.

வரிசை முழுவதும் பார்த்தது.

"அடச்சீ" என்றாள் கரண்டி அக்கா.

முதலாளி திரும்பினார். மேடத்தின் புருவத்தில் பாதி அழிந்து மை நெற்றியில் இழுபட்டிருந்தது. கீழுதட்டில் ஒரு முடி ஒட்டியிருந்தது. குட்டை முடி. வளைந்தது. அவர் அதைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"இதையா தின்னே?"

மேடம் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் வந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்த மாதிரி இருந்தது. "சார், எனக்கு..." என்றாள்.

"வெளிய போ."

அவள் போனாள். கதவு சாத்தியதும் சிரிப்பு வெடித்தது. கரண்டி அக்கா புருவத்தைப் பிடுங்கித் தின்பது மாதிரி செய்து காட்டினாள். ரொட்டி வைக்கிறவள் பழைய இடத்துக்கே வந்து உரசி நின்றாள். மூடிக்காரிக்கும் உள்ளே என்னவோ இனித்தது. அந்த இனிப்புதான் எல்லாவற்றையும் விட அருவருப்பாக இருந்தது.

முதலாளி தொட்டியில் கை கழுவினார். அவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

"நீ போய் மூடு" என்றார் அவளிடம், எதுவுமே நடக்காத மாதிரி. "தலையைக் கட்டிக்கோ. இன்னைக்கு நானே நின்னு பாக்கறேன்."

பெல்ட் ஓடியது. மேடம் நின்ற இடத்தில் அவர் நின்றார். தலையில் தொப்பி இல்லை. முகமூடி தாடைக்குக் கீழே. முதல் தட்டு வந்தது. சோறு, பீன்ஸ், முட்டை. அவர் குனிந்தார்.

"இப்படித்தான் பாக்கணும்! கண்ணு எங்க வெச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

துளிகள் சோற்றின் மேல் விழுவதை மூடிக்காரி பார்த்தாள். முட்டையின் வெள்ளையில் ஒன்று மினுங்கியது. தட்டு அவளிடம் வந்தது. அவள் கை பிடிக்குப் போனது. நின்றது. தட்டைத் தூக்கிப் பக்கத்துக் குப்பை வாளியில் கவிழ்த்தாள்.

"ஏய், ஏன் கொட்டறே?"

"முடி சார்."

"எங்க? நான் பாத்தேனே!"

"இருந்துச்சு."

அடுத்த தட்டு. "முடியெல்லாம் இல்ல! நல்லாப் பாரு!" என்று அதன் மேல் கத்தினார். அதையும் கவிழ்த்தாள்.

"இதுலயும் சார்."

வரிசையில் சிரிப்பு நின்றது. கரண்டி அக்கா சோற்றைப் பார்த்தாள். முதலாளியின் வாயைப் பார்த்தாள். ஏப்பம் ஒன்றை விழுங்கிக்கொண்டாள்.

"எனக்கும் இங்கேருந்து தெரியுது சார்" என்றாள். "நல்லா நீளமா."

முதலாளி வாளிக்குள் குனிந்தார். நிமிர்ந்து மூடிக்காரியைப் பார்த்தார். கத்த வாயைத் திறந்தார். அடுத்த தட்டு அவருக்கு நேர் கீழே வந்து நின்றிருந்தது. அவள் கை அதன் விளிம்பில் தயாராக இருந்தது.

ஈரத் தாடையிலிருந்து முகமூடியை மெதுவாக மேலே இழுத்தார்.

அவள் தாளை இழுத்துப் பிடியை அழுத்தினாள். தொப்பிக்கு அடியில் அரித்தது. சொறியவில்லை.