சட்டைப்பையில் வந்த சாம்பல்

குவைத்தில் அமெரிக்கப் பட்டாளத்து முகாமின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை, துவைக்கப் போடும் முன் சட்டைப்பைகளைத் துழாவுவது. சட்டையில் தைத்திருக்கும் பேரைப் பார்க்கவெல்லாம் நேரமிருக்காது. கிடைப்பதைச் சீட்டு எழுதித் தனியாக வைக்க வேண்டும். அதில் கை வைத்தால் அன்றைக்கே ஊருக்கு டிக்கெட். கூடத்தில் தமிழன் நான் ஒருவன்தான். பதினோரு மாதமாக ஒழுங்காகத்தான் இருந்தேன்.

அன்று ஒரு சட்டையில் சின்னத் துணிமுடிச்சு. அவிழ்த்தால் சாம்பல். பரமக்குடிக்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? நான் கொண்டுவந்த திருநீறு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. அமெரிக்கன் சட்டைக்குள் திருநீறு எப்படி வரும் என்று யோசிக்கக்கூட இல்லை. மூன்று விரலால் அள்ளி நெற்றி நிறையப் பூசினேன். முருகா என்றதும் அழுகை வந்துவிட்டது.

மத்தியானம் அந்தச் சட்டைக்காரச் சிப்பாய் முடிச்சைத் தேடி வந்தான். டைகர் என்று பேர்; மாநிறம். என் நெற்றியைப் பார்த்தான். இளைத்துப்போன முடிச்சையும் பார்த்தான். சூப்பர்வைசர் கௌஸ் முகம்மது உள்ளேதான் இருந்தார். இவன் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போச்சு.

"சாமி திருநீறுன்னு நெனச்சு பூசிட்டேன் சார்" என்று அரைகுறை இங்கிலீஷில் உளறினேன்.

அவன் சத்தம் போடவில்லை. தான் கிரீக் என்கிற அமெரிக்கப் பூர்வகுடி இனம் என்றான். ஏறக்குறைய இருநூறு வருசத்துக்கு முன் அலபாமாவில் அவர்கள் மண்ணில் வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறினார்களாம். அதனால் சண்டை. ஓர் ஆற்று வளைவில் ஒரே நாளில் எண்ணூறு பேர் செத்தார்களாம். பிறகு மிச்சமிருந்த சனத்தை அமெரிக்கப் பட்டாளம் மேற்கே விரட்டியது. ஊர் நெருப்பின் தணலை மட்டும் கையோடு கொண்டுபோனார்கள். அதில் மூட்டிக் காத்துவந்த நெருப்பின் சாம்பலைத்தான் அவன் அம்மா முடிந்து கொடுத்திருக்கிறாள். அதைத்தான் நான் பூசியிருந்தேன்.

"அந்தப் பட்டாளத்துச் சட்டையையா போட்டிருக்க?" என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ ஏன் அதத் தொவைக்கிற?" என்றான்.

நெற்றியைத் துடைக்கப் போனேன், தடுத்தான்.

"இருக்கட்டும். நாளைக்கு ஈராக் போறேன். எங்க சனத்தப் பத்தி இங்க யாரும் கேட்டதில்ல."

பிறகு மேசை மேல் குனிந்தான். "எங்க வழக்கமில்ல. இருந்தாலும் எனக்கும் வச்சுவிடு."

ஒரு சிட்டிகை எடுத்து வைத்தேன். பதினோரு மாதத்தில் நான் பிரியமாகத் தொட்ட ஒரே மனிதன் அவன்தான்.

முடிச்சை வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சட்டையிலும் முதலில் பேரைப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் கை விட்டேன்.