செல்லக்கிளி படுத்த இடம்

செல்லக்கிளி இறந்து மூன்று வருடமாகியும் அவள் படுத்துறங்கிய இடம் ஆறவில்லை. கப்பலூர் தொழிற்பேட்டைக்குத் தெற்கே, சிமெண்டுத் தரை போட்ட இரண்டு அறை வீடு. சுவரைப் பார்த்து ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுப்பது அவள் வழக்கம். சூடும் அதே வடிவில்தான் இருந்தது. ஒரு விரற்கடை தள்ளிக் கை வைத்தால் தரை சில்லென்றிருக்கும். முதலில் ஊரே வந்து தொட்டுப் பார்த்தது. பிறகு அதுவும் பழகிப்போய், ஒரு மார்கழியில் பக்கத்து வீட்டு முனியாயி உறை ஊற்றிய பால்சட்டியோடு வந்து, தயிர் தோயும் வரை அங்கே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். செல்லக்கிளியின் புருஷன், அதிர்ந்து பேசாத சின்னக்கருப்பனுக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

"அவ என்ன அடுப்பா, மதினி?" என்றான்.

எடுக்க எடுக்க அந்தச் சூடு தீர்ந்துபோகும் என்று அவன் பயந்தான். அதனால் அவனே அதன்மேல் படுத்ததில்லை. பக்கத்தில் வெறுந்தரையில் கிடந்து, அவள் தோள் இருந்த இடத்தில் உள்ளங்கையை மட்டும் வைத்துக்கொண்டு தூங்குவான். பிள்ளைகுட்டி கிடையாது. சாக்கு தைக்கும் கம்பெனிக்குப் போய்வந்து, கஞ்சி குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமலே விடிந்த நாட்கள் அவனுக்கு நிறைய.

எழுபத்தொன்பதாம் வருடம் ஐப்பசியில், வீட்டுக்குள் ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்றுதான் கோழிக்குஞ்சுகளுக்குச் சொல்லிவைத்தான். நாலு காசு பார்க்கலாம் என்று ஊரில் அவன் சொன்னது சும்மா. முன்னறையில் உமி பரப்பி, அதன்மேல் பேப்பர் விரித்து, தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, நடுவில் பல்பைத் தாழத் தொங்கவிட்டான். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர், தகரத்தோரம் ஒதுங்கினால் சூடு அதிகம், இறைத்துவிட்டதுபோல் பரவி நின்றால் சரி என்று விற்றவன் சொல்லியிருந்தான்.

ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் அவை வந்திறங்கிய சாயங்காலமே அடைமழை பிடித்து, கரண்டும் போனது. பல்புக்குப் பதிலாகச் சட்டியில் மூட்டிய கரி, நனைந்திருந்ததால், புகைந்ததே தவிரக் கனியவில்லை. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. அடியில் கிடந்தவை கத்தின. பிறகு சில கத்தாமலும் போயின. இரண்டை எடுத்துக் கைக்குள் பொத்திப் பார்த்தான். அவன் கையில் அம்புட்டுச் சூடு இல்லை. சத்தம் கேட்டு நனைந்துகொண்டு ஓடிவந்த முனியாயி, செல்லக்கிளி படுத்த உள்ளறையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அவ இருந்திருந்தா மடியில அள்ளிப் போட்டிருப்பா, தம்பி" என்றாள்.

சின்னக்கருப்பன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கவிழ்த்தான். குஞ்சுகள் தடுமாறித் தேடி, தலை, தோள், இடுப்பு, மடக்கிய முழங்கால் என்று சூடு இருந்த இடம் முழுக்க நெருக்கியடித்து உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் செல்லக்கிளியே மஞ்சளாகப் படுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். விளக்கேற்றும் நேரத்தில் முழங்கால் பக்கத்துக் குஞ்சுகள் மெல்ல எழுந்து நடந்தன. பிறகு தோள், பிறகு தலை. கடைசியில் சுவருக்குச் சுவர் பரவி, நிம்மதியாகக் கீச்சிட்டுக்கொண்டு நின்றன. பதறிப்போய் அவள் தோளிருந்த இடத்தைத் தொட்டான். மற்றத் தரையைப் போலத்தான் இருந்தது. அறை முழுக்க ஒரே வெதுவெதுப்பு.

அதற்குப் பிறகு அந்த அறைக்குப் பல்பு வேண்டியிருக்கவில்லை. வருடா வருடம் குஞ்சுகள் வந்தன, வளர்ந்தன, திருமங்கலம் சந்தைக்குப் போயின. முனியாயியின் பால் எந்த மூலையில் வைத்தாலும் தோய்ந்தது. ஆனால் இன்ன இடம் என்று கை வைக்கச் சின்னக்கருப்பனுக்கு ஓரிடம் இல்லாமல் போனது. மாதக்கணக்கில் தரையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, அப்புறம் தேடுவதை விட்டுவிட்டான். முன்பைவிடத் தனியாகத்தான் இருந்தான்.

எண்பத்தாறில் ஒரு மழைநாள், கம்பெனி லீவு. காய்ச்சலோடு புதுக் குஞ்சுகளுக்கு நடுவே படுத்தவன் மத்தியானம் கண்விழித்துப் பார்த்தான். அறையெங்கும் சமமாகப் பரவி நின்ற குஞ்சுகள் அவனுக்குப் பக்கத்தில் மட்டும் ஒதுங்கியிருந்தன. ஒருக்களித்து முழங்காலை மடக்கிய ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. ஒரு குஞ்சுகூட அதில் கால் வைக்கவில்லை. கையை நீட்டி அங்கே வைத்தான்.

பால்சட்டியோடு முனியாயி உள்ளே வந்தாள்.

"அங்கிட்டுச் சூடு கூடியிருக்கு, மதினி. மிதிச்சிராம வாங்க" என்றான்.

முனியாயி சுற்றிக்கொண்டு நடந்து, சட்டியை மூலையில் வைத்துவிட்டுப் போனாள்.